தாகூரின் அரைகுறை ஜெர்மன்

பள்ளிக்கூடத்தை உதறிய ஜோராசங்கோ பையனுக்கு ஒரு அயல்மொழி எப்படி வந்தது, எதுவரை வந்தது? வீட்டிலேயே படிக்கும் இன்றைய கொல்கத்தா பிள்ளைகளுக்கும் அந்தக் கதையில் விஷயம் இருக்கிறது.

1878ஆம் ஆண்டு. அகமதாபாத்தில் ஷாஹிபாக் அரண்மனை. நீதிபதியாக இருந்த அண்ணன் சத்யேந்திரநாத் காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பிவிட்டால், அந்தப் பிரம்மாண்டமான கட்டடத்தில் மிச்சம் இருப்பது புறாக்களும் 17 வயதுத் தம்பியும்தான். தம்பியின் கையில் ஆங்கிலப் புத்தகங்கள். பக்கத்தில் ஓர் அகராதி. பாதி புரியும், பாதி புரியாது. அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. படித்ததை வைத்துக்கொண்டு வங்காளியில் கட்டுரைகள் எழுதினான். அவன் குடும்பத்தார் நடத்திய ‘பாரதி’ மாத இதழில் அவை வெளிவந்தன. (நம் பாரதி பிறப்பதற்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.) ஒரு கட்டுரை தாந்தேயையும் அவருடைய காதலியையும் பற்றியது. இன்னொன்று பெட்ரார்க் பற்றியது. மூன்றாவது, ஜெர்மன் மகாகவி கதேயும் அவர் காதலித்த பெண்களும்.

ரவீந்திரநாத தாகூருக்கு ஜெர்மன் இலக்கியம் அறிமுகமானது இப்படித்தான்: ஆசிரியர் இல்லை, இலக்கணம் இல்லை, ஜெர்மன் மொழியும் இல்லை. ஆங்கிலத்தின் தோளில் ஏறி வந்தார் கதே. அதிலும் பையனைக் கவர்ந்தது காதல் சமாச்சாரம்தான். 17 வயதில் வேறு எது கவரும்?

அந்த வயதுக்குள் அவன் நான்கு பள்ளிக்கூடங்களைப் பார்த்து முடித்திருந்தான். ஓரியன்டல் செமினரி, நார்மல் ஸ்கூல், பெங்கால் அகாடமி, கடைசியாகச் செயின்ட் சேவியர்ஸ். எதிலும் ஒட்டவில்லை. கல்கத்தாவின் சித்பூர் சாலையை ஒட்டிய சந்தில் இருந்த தாகூர் மாளிகையே அவனுக்குப் பள்ளியானது. ஆனால் அங்கே சும்மா உட்கார விட்டார்கள் என்று நினைத்தால் தவறு. பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே வீட்டுப் பாடங்கள் விடியுமுன் தொடங்கிவிடும். முதலில் ஒரு பயில்வானிடம் மல்யுத்தம். உடம்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வந்தால் மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பார். அடுத்து நீல்கமல் மாஸ்டரின் கணக்கு. முக்தபோத வியாகரணத்தை ஹேரம்ப தத்வரத்னர் நெட்டுருப் போட வைப்பார். மாலையில் ஜிம்னாஸ்டிக்ஸ், ஓவியம். விளக்கு வைத்த பிறகு அகோர் பாபுவின் ஆங்கில வகுப்பு. இந்த அகோர் பாபுவுக்கு உடம்புக்கு எதுவும் வராது என்பதே மாணவர்களின் பெரிய குறை. கொட்டும் மழையில் சந்து முழங்கால் தண்ணீராக மாறிய ஒரு மாலை, இன்று மாஸ்டர் வரமாட்டார் என்று பையன் தெருவையே பார்த்துக்கொண்டிருக்க, மூலை திரும்பி வந்தது அந்தக் கறுப்புக் குடை. முதுமையிலும் தாகூருக்கு மறக்கவில்லை அது.

பள்ளியை அடியோடு விட்ட பிறகு வந்தவர் ஞானசந்திர பட்டாச்சார்யா. பாடப் புத்தகத்துக்கு இந்தப் பையன் மசியமாட்டான் என்று சீக்கிரமே கண்டுகொண்டவர். பாடத்திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு காளிதாசனின் ‘குமாரசம்பவ’த்தையும் ஷேக்ஸ்பியரின் ‘மேக்பத்’தையும் எடுத்தார். மேக்பத்தை வங்காளியில் விளக்குவார். பிறகு பையனை அறைக்குள் வைத்துப் பூட்டுவார். அன்றைய பகுதியை வங்காளிச் செய்யுளாக்கினால்தான் கதவு திறக்கும். இப்படியே நாடகம் முழுவதும் மொழிபெயர்ந்தது. அதை வித்யாசாகரிடமே கொண்டுபோய் வாசித்துக் காட்டினான் பையன்.

இன்றைய குழந்தை நல ஆர்வலர்கள் பூட்டிய அறையை ஏற்கமாட்டார்கள். ஏற்கவும் வேண்டாம். ஆனால் ஞானசந்திரர் தெரிந்தோ தெரியாமலோ செய்த ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். புரிந்த பிறகு படிக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. பெரிய புத்தகத்தைக் கையில் கொடுத்து, பாதி புரிதலோடு அதற்குள் தள்ளிவிட்டார். எல்லாம் முழுசாகப் புரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமலே சிறு வயதிலிருந்து காலம் தள்ளிய பழக்கம் தனக்கு இருந்தது என்று ‘ஜீவன்ஸ்மிருதி’யில் தாகூரே எழுதியிருக்கிறார். ஒரு கவிஞனை உருவாக்க அந்தப் பழக்கம் போதும். ஜெர்மனுக்குப் போதுமா?

ஜெர்மனை எழுத்துக் கூட்டிப் படிக்க அவர் முயன்றது பின்னால். ஹைனேயின் கவிதைகளை மொழிபெயர்ப்பில் படித்ததில் மூலத்தின் மீது ஆசை வந்தது. ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஒரு மிஷனரி அம்மாள் ஆசிரியையாக அமைந்தார். சில மாதங்கள் தீவிரமாகப் படித்தார். ஹைனேயின் சிறு பாடல்கள் கைக்கு வந்தன. 1890களின் தொடக்கத்தில் ‘சாதனா’ இதழில் ஹைனேயின் சில கவிதைகள் வங்காளியில் வந்தன, ஜெர்மனிலிருந்தே மொழிபெயர்த்ததாக. அந்தத் தெம்பில் கதேயின் ‘ஃபவுஸ்ட்’டுக்குப் போனார். அது அகலக் கால். எப்படியோ கடைசிப் பக்கத்தைத் தொட்டுவிட்டார்.

1924இல் சீனாவில் சொற்பொழிவாற்றியபோது இந்தக் கதையைத் தாகூரே சொன்னார். உலகப் புகழின் உச்சியில் இருந்தவர் தன் ஜெர்மனுக்குப் போட்டுக்கொண்ட மார்க், எந்தப் பரீட்சையாளரும் போடத் தயங்கும் மார்க். தனக்குச் சூட்டிகை அதிகம், விடாமுயற்சி குறைவு என்றார். அர்த்தத்தைச் சுலபமாக ஊகித்துவிடும் ஆபத்தான திறமை தன்னிடம் இருந்தது, அதைப் பார்த்து ஆசிரியை ஏமாந்து போனார் என்றார். ஹைனேயைத் தூக்கத்தில் நடப்பவன் போலக் கடந்ததாகச் சொன்னார். கதேயின் மாளிகையிலோ, எல்லா அறைக்கும் சாவி வைத்திருப்பவனாக அல்ல, பொதுவான விருந்தினர் அறையில் இருக்க அனுமதிக்கப்பட்ட வழிப்போக்கனாகத்தான் இருந்தாராம்.

நம் ஊரில் இதற்கு நுனிப்புல் மேய்வது என்று பெயர்.

வீட்டில் தானாகப் படிக்கும் புத்திசாலிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த ஆபத்து உண்டு. மற்ற பாடங்களில் அது சீக்கிரம் வெளியே தெரியாது. ஜெர்மனில் ஒளிக்க முடியாது. காரணம் அந்த மொழியின் அமைப்பு. ஜெர்மனில் பெயர்ச்சொற்களுக்கு மூன்று பால். ஆண்பாலுக்கு ‘டேர்’, பெண்பாலுக்கு ‘டீ’, இரண்டும் அல்லாததற்கு ‘டாஸ்’. சாப்பாட்டு மேஜையையே எடுத்துக்கொள்ளுங்கள். கரண்டி ஆண்: டேர் லோஃபெல். முள்கரண்டி பெண்: டீ காபெல். கத்தி அலி: டாஸ் மெஸ்ஸர். இளம்பெண்ணைக் குறிக்கும் ‘மேட்ஷென்’ பெண்பால் இல்லை, அதுவும் ‘டாஸ்’தான். இதில் ஊகத்துக்கு அதிக வேலை இல்லை. சொல்லோடு சேர்த்துப் பாலையும் மனப்பாடம் செய்தாக வேண்டும். வங்காளிப் பிள்ளைக்கு இது இரட்டைச் சோதனை. வங்காளியில் இலக்கணப் பால் என்பதே கிடையாது. அவனுக்கும் அவளுக்கும் ‘ஷே’ என்ற ஒரே சொல். தமிழ்ப் பிள்ளைக்காவது அவன், அவள், அது என்ற பழக்கம் இருக்கிறது, ஆனால் கரண்டியை ‘அவன்’ என்று சொல்ல அதற்கும் நாக்கு எழாது.

இன்னொரு பக்கம், ஆங்கிலேயன் திணறும் ஓர் இடம் நம்மவர்களுக்கு வெல்லம். ‘ஏனென்றால்’, ‘என்று’ போன்ற சொற்களோடு வரும் துணை வாக்கியங்களில் ஜெர்மன் தன் வினைச்சொல்லைக் கடைசிக்குத் தள்ளிவிடும். வங்காளியும் தமிழும் பிறந்ததிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன. சொற்களை ஒட்டி ஒட்டி நீளமாக்குவதும் தமிழனுக்குப் புதிதல்ல. ஆக, வாசிப்பவனுக்கு ஜெர்மன் வழி விடும். எழுதவும் பேசவும் முனைகிறவனைத்தான் பிடித்துக்கொள்ளும். தாகூர் வாசித்தார். அத்தோடு நின்றார்.

நிற்காத ஒருத்தியும் அதே வட கல்கத்தாவில் இருந்தாள். ஜோராசங்கோவுக்கு அருகே ராம்பகான் தத்தர் குடும்பத்தின் பெண் தோரு தத். தாகூரைவிட ஐந்து வயது மூத்தவள், பெரும்பாலும் வீட்டில் படித்தவள். அவளுடைய மொழி பிரெஞ்சு. 1869இல் குடும்பத்தோடு ஐரோப்பா போனபோது நீஸ் நகரத்தில் சில மாதங்கள் அக்கா அருவோடு ஒரு பிரெஞ்சுப் பள்ளியில் இருந்தாள். பிறகு இங்கிலாந்து. 1873இல் கல்கத்தா திரும்பியபின் பள்ளியும் இல்லை, பிரெஞ்சு பேச அக்கம்பக்கத்தில் ஆளும் இல்லை. மறு ஆண்டு அக்காவும் போய்விட்டாள். தோரு விடவில்லை. பிரெஞ்சுக் கவிஞர்களை ஒவ்வொருவராக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தாள். 1876இல் பவானிப்பூரில் ஒரு சாதாரண அச்சகத்தில் அந்தத் தொகுப்பு அச்சானது. லண்டனில் அதைக் கையில் எடுத்த விமர்சகர் எட்மண்ட் காஸ் அசந்து போனார். அடுத்த ஆண்டு 21 வயதில் காசநோய் அவளைக் கொண்டுபோனது. பிரெஞ்சிலேயே அவள் எழுதி வைத்திருந்த நாவல் 1879இல் பாரிஸில் வெளிவந்தது. தாகூரோடு ஒப்பிட்டால் மேதைமையில் யார் பெரியவர் என்பது வேறு விஷயம். அயல்மொழியில் யார் தேறியவர் என்று கேட்டால் பதில் சொல்ல யோசிக்க வேண்டியதில்லை. அவளுக்கு வாய்த்ததும் வீடுதான். ஆனால் அவள் எழுதினாள், திருத்தினாள், மறுபடி எழுதினாள். நீஸில் கழித்த சில மாதங்களில் அந்த மொழியில் பேசியே ஆக வேண்டியும் இருந்தது.

கற்றுக்கொள்வதில் வெட்கம் பார்க்காத ஒருவரைத் தமிழ்நாட்டுக்கும் தெரியும். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார், அங்கே ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் ஆனா ஆவன்னா எழுதினார். ஊகித்துக் கடக்கும் திறமை அவருக்கும் இருந்திருக்கலாம். அவர் மணலைத் தேர்ந்தெடுத்தார். பத்தாண்டுகளில், 1716இல், அவருடைய தமிழ் இலக்கண நூல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது.

தாகூரின் அரைகுறை ஜெர்மனால் நஷ்டம் என்ன? ஜெர்மனியில் அவர் கால் வைத்தபோது தெரிந்தது. 1921, 1926, 1930 என மூன்று முறை போனார். 1921இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் அவரைக் கேட்கக் கூட்டம் முண்டியடித்தது. அவர் பேசியது ஆங்கிலத்தில். 1930 ஜூலை 14 அன்று பெர்லினுக்கு வெளியே காபூத் கிராமத்தில் ஐன்ஸ்டீனின் வீட்டில் இருவரும் சந்தித்தார்கள். உண்மை என்பது மனிதனைச் சார்ந்ததா, சாராததா என்று அந்த நூற்றாண்டின் சுவாரஸ்யமான வாதங்களில் ஒன்று நடந்தது. அவர் ஜெர்மனிலும் இவர் ஆங்கிலத்திலும் பேச, நடுவில் மொழிபெயர்ப்பு. அந்த உரையாடல் அச்சில் வந்தபோது அமெரிக்கப் பத்திரிகையில் ஒரு வடிவம், இந்தியாவில் இன்னொரு வடிவம். எந்த வார்த்தையை யார் சொன்னார் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எதிர்த் திசையில் வந்த ஒரு ஜெர்மன் பெண்மணி அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டார். ஹெலெனே மேயர்-ஃபிராங்க் முதலில் தாகூரை ஆங்கிலத்திலிருந்துதான் ஜெர்மனுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அது போதவில்லை. கவிஞரின் மொழியிலேயே படிக்க வேண்டும் என்று வங்காளி கற்றுக்கொண்டார். இருவரும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் பின்னாளில் நூலாகவே வந்துள்ளன.

கல்கத்தாவுக்கு ஜெர்மன் வெறும் கவிதை மொழியாகவும் இருக்கவில்லை. நவீன இயற்பியல் அந்த மொழியில்தான் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. சத்யேந்திரநாத் போஸும், டாக்காவில் படிக்கும்போதே ஜெர்மன் பயின்ற மேகநாத் சாஹாவும் ஐன்ஸ்டீன், மின்கோவ்ஸ்கியின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, கல்கத்தா பல்கலைக்கழகம் 1920இல் அதை நூலாக வெளியிட்டது. 1924இல் போஸ் அனுப்பிய ஆங்கிலக் கட்டுரையை ஐன்ஸ்டீன் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார். போஸ்-ஐன்ஸ்டீன் புள்ளியியல் பிறந்தது அப்படித்தான்.

தன் குறையைத் தாகூர் தெரிந்தே வைத்திருந்தார் என்பதற்கு விஸ்வபாரதியைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். 1921இல் சாந்திநிகேதனில் அவர் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு ஐரோப்பாவிலிருந்து அறிஞர்கள் வந்தார்கள். ஜெர்மனும் பிரெஞ்சும் முறையாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு அங்கே சேர்ந்த பையன்களில் ஒருவன் சில்ஹெட் பக்கத்துச் சையத் முஜ்தபா அலி. வயது 17, ஷாஹிபாக் அரண்மனையில் கதேயைப் பற்றி எழுதிய பையனின் அதே வயது. ஐந்து ஆண்டுகள் மரத்தடியில் மொழி மொழியாகக் கற்றான். அங்கிருந்து காபூலுக்கு ஆசிரியர் வேலைக்குப் போனான். பிறகு ஜெர்மனி. 1932இல் பான் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். பின்னாளில் வங்காளிகளைச் சிரிக்கச் சிரிக்க வைத்த எழுத்தாளர் அவர். குருதேவருக்குக் கிடைக்காத சாவி சீடனுக்குக் கிடைத்தது, குருதேவர் கட்டிய பள்ளியில்.

இன்றைய கொல்கத்தாவில் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு மிஷனரி அம்மாளைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. 1957 முதல் இந்த நகரத்தில் இயங்கும் மாக்ஸ் முல்லர் பவன் இப்போது பார்க் ஸ்ட்ரீட்டில் பார்க் மேன்ஷன்ஸ் கட்டடத்தில் இருக்கிறது. கோல்பார்க்கில் ராமகிருஷ்ணா மிஷன் கலாச்சார நிலையத்திலும், ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் மொழிப் பள்ளியிலும் ஜெர்மன் உண்டு. கம்ப்யூட்டர் திரை வழியே பெர்லினிலிருந்தே பாடம் கேட்கலாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பள்ளியைப் பற்றிப் பேசினாலும், வீட்டில் படிக்க வைக்கும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை.

பள்ளியில் படிப்பவர்களுக்கு இந்த மொழி அத்தனை நிம்மதியைக் கொடுத்ததில்லை. 2014 நவம்பரில், கல்வியாண்டின் நடுவிலேயே, கேந்திரிய வித்யாலயாக்களில் மூன்றாம் மொழியாக இருந்த ஜெர்மனை எடுத்துவிட்டுச் சமஸ்கிருதத்தை வைத்தார்கள். ஏறத்தாழ 70,000 பிள்ளைகள் ‘டேர், டீ, டாஸ்’ஸைப் பாதியில் விட்டுவிட்டு ‘ராம:, ராமௌ, ராமா:’வுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தலைவலி இல்லை. எந்தச் சுற்றறிக்கையும் அவன் மேஜை வரை வராது.

ஆனால் வேடிக்கை ஒன்று உண்டு. அவன் ஆசையாகக் கற்கும் மொழியின் தாய்நாட்டில் அவன் படிக்கும் முறைக்கே இடமில்லை. ஜெர்மனியில் பள்ளிக்குப் போவது கட்டாயம். 1919ஆம் ஆண்டின் வைமர் அரசியல் சட்டத்திலேயே அது எழுதப்பட்டுவிட்டது. பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்ட ஒரு குடும்பத்தின் நான்கு குழந்தைகளை 2013இல் அதிகாரிகள் மூன்று வாரம் விடுதியில் கொண்டுபோய் வைத்தார்கள். பெற்றோர் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2019 ஜனவரியில் தீர்ப்பு ஜெர்மன் அரசுக்குச் சாதகமாக வந்தது. சிறுவன் ரவி ஜோராசங்கோவில் அல்லாமல் ஜெர்மனியின் இன்றைய நகரம் ஒன்றில் பிறந்திருந்தால், நான்காவது பள்ளியை விட்டு ஓடிய மறுவாரம் வாசலில் அதிகாரி நின்றிருப்பார்.

பரீட்சையில் மட்டும் அந்நாட்டு நிறுவனம் பாகுபாடு பார்ப்பதில்லை. கதே நிலையத்தின் தேர்வுகளை வகுப்பில் சேராதவர்களும் எழுதலாம். 10 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கென்றே முதல் படி, ஏ-1 நிலைத் தேர்வு தனியாக இருக்கிறது. இந்த நிலைக்குச் சுமார் 650 சொற்கள் போதும். நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. படிப்பது, கேட்பது, எழுதுவது மூன்றையும் வீட்டு மேஜையில் பழகிவிடலாம். ஊகிக்கும் திறமையும் கொஞ்சம் கைகொடுக்கும். நான்காவது, பேசுவது. அங்கே முன்பின் தெரியாத பிள்ளைகளோடு ஒரே மேஜையில் உட்கார வேண்டும். பெயர், வயது, ஊர், தெரிந்த மொழிகள் என்று தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அட்டையை எடுத்து எதிரே இருப்பவரிடம் கேள்வி கேட்க வேண்டும், அவர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் தனியாகப் படித்த பிள்ளைக்கு 650 சொற்களைவிடப் பெரிய பாடம் இதுதான். அதற்கு முந்தைய சில மாதங்களாவது வாரத்தில் இரண்டு நாள், பேச இன்னொரு ஆள் வேண்டும். அவர் பார்க் ஸ்ட்ரீட் வகுப்புத் தோழராக இருக்கலாம், எதிர் ஃபிளாட்டில் ஜெர்மன் படிக்கும் கல்லூரிப் பெண்ணாக இருக்கலாம்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கான ஜெர்மன் பாடப் புத்தகங்களில் பள்ளிக்கூடம் என்றொரு அத்தியாயம் கட்டாயம் இருக்கும். கால அட்டவணை, புத்தகப்பை, பிடித்த ஆசிரியர். பரீட்சை மேஜையிலும் எதிரே இருக்கும் பிள்ளை எங்கே படிக்கிறாய் என்று கேட்டுவிட்டால் வீட்டுப் பிள்ளை விழிக்க வேண்டியதில்லை. ‘ட்ஸு ஹவுஸெ’, வீட்டில், என்று சொல்லலாம். வினைச்சொல் இரண்டாம் இடத்தில் சரியாக உட்கார்ந்திருந்தால் அதற்கும் மார்க் உண்டு.